கதை சொல்லும் பிள்ளையைக் கதை எழுதச் செய்தல்



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஒரு குழந்தை தான் கேட்ட கதையையோ கண்ட நிகழ்ச்சியையோ வாயால் ஒழுங்காகச் சொல்லவும், சொன்னதைத் தமிழில் சில பத்திகளாக எழுதவும் எவ்வாறு பழக்குவது என்பதே அது. பொருள் சிறிதாயினும் அதன் பயன் நம் போன்றோர்க்குப் பெரிது. தமிழ்நாட்டில் வளரும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் செய்தித்தாளும் சேர்ந்து தமிழ் கற்பிக்கின்றன. பிற மாநிலத்தில் வளரும் பிள்ளைக்கோ பல சமயங்களில் வீடு ஒன்றே தமிழ்ப் பள்ளி. அந்த வீட்டில் தமிழ் பேச்சளவில் நின்றுவிட்டால், அடுத்த தலைமுறையில் அது பேச்சாகவும் நிற்பது அரிது.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு இதனைப் பார்ப்போம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகக் கூறும் வேங்கடம் இங்கேதான் நிற்கிறது. வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனோடு சென்றது. 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் இவ்வாறு மாறி மாறி வந்தபோதிலும், நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் முதலிய ஊர்களில் தமிழும் தெலுங்கும் இன்றும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன.

சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று, 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350 ஏ பிரிவு கூறுகிறது. எல்லை ஊர்கள் சிலவற்றில் தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. ஆயினும் திருப்பதி போன்ற நகரத்தில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோதான் படிக்கின்றனர். அவர்களுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் பொறுப்பு பெற்றோரையும், ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு நடத்தும் அன்பர்களையும் சார்ந்ததாகிறது. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கும் இந்நிலை புதிதன்று.

அத்தகைய வகுப்பு ஒன்றில், 'நான் சென்ற பயணம்' என்று ஒரு தலைப்புக் கொடுக்கப்படுகிறது என வைத்துக்கொள்வோம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுதுகிறாள்: 'நாங்கள் காளத்திக்குச் சென்றோம். கோயில் பெரியது. சுவாமியைக் கும்பிட்டோம். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.' இதில் பிழை ஒன்றும் இல்லை, உயிரும் இல்லை. அதே சிறுமி அன்று மாலை தோழியிடம் பேசுவதைக் கேளுங்கள். ரேணிகுண்டாவில் வண்டி நின்றபோது தம்பியின் செருப்பு ஒன்று தண்டவாளத்தில் விழுந்ததாம். அப்பா இறங்குவதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டதாம். தம்பி ஒற்றைச் செருப்போடு கோயில் வரையில் நொண்டிக்கொண்டே வந்தானாம். வாசலில் செருப்பை வாங்கி வைக்கும் பெரியவர், 'இன்னொன்று எங்கே?' என்று தெலுங்கில் கேட்டாராம். 'அது ரேணிகுண்டாவில் இருக்கிறது' என்றானாம் தம்பி. கேட்ட தோழி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

கதை அந்தச் சிறுமியிடம் இருந்தது. அது ஏட்டுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஆராய்ந்தால் காரணங்கள் எளிதில் விளங்கும். தோழியிடம் பேசும்போது எதிரே கேட்பவள் இருந்தாள். ஏட்டின் எதிரே யாரும் இல்லை. கொடுத்த தலைப்போ பயணம் முழுவதையும் கேட்டது. அவள் மனத்தில் நின்றதோ ஒரு செருப்பு. அதற்கு மேல், செருப்பும் ரேணிகுண்டாவும் எழுத்துத் தமிழுக்குத் தக்கவை அல்ல என்ற எண்ணம் எப்படியோ அவளுக்கு ஏற்பட்டுவிட்டது. பாடநூலில் உள்ள தமிழ் வேறு, தன் வாயில் உள்ள தமிழ் வேறு என்று அவள் தீர்மானித்துவிட்டாள். இந்தத் தடைகளை நீக்குவதே ஆசிரியரின் முதல் வேலை.

கேட்பவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். நம் பாட்டிமார் கதை தொடங்குமுன் ஒரு நிபந்தனை இடுவார்கள். கேட்கும் பிள்ளை 'ஊம்' கொட்ட வேண்டும். ஊம் நின்றால் கதையும் நின்றுவிடும். தெலுங்கு வீட்டிலும் இதே வழக்கம்தான். அங்கும் பிள்ளை 'ஊ' கொட்டினால்தான் அவ்வ கதையைத் தொடர்வாள். இங்கே 'ஒரே ஒரு ஊரிலே' என்று தொடங்கும் கதை, அங்கே 'அனகனகா ஒக ராஜு' என்று தொடங்குகிறது, அவ்வளவே வேறுபாடு. கதை என்பது சொல்பவர் ஒருவரின் வேலை அன்று, கேட்பவரும் சேர்ந்து செய்யும் வேலை என்பதை இந்த ஊம் நமக்கு உணர்த்துகிறது. ஆகவே பிள்ளை கதை எழுத வேண்டுமாயின், ஆசிரியரோ பெற்றோரோ முதலில் ஊம் கொட்டும் செவியாக இருத்தல் வேண்டும். சிவப்பு மை அதற்குப் பின்னர் வந்தால் போதும்.

இவ்வுண்மையைக் கண்டு நடைமுறையில் காட்டியவர்களுள் ஒருவர் குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா. பாவநகரில் 1920-இல் தொடங்கிய பாலமந்திரத்தில் குழந்தைகளோடு பழகியவர் அவர். அவருடைய 'திவாஸ்வப்னா' என்னும் நூலில் ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஏற்கிறார். பிள்ளைகளின் கூச்சலை அடக்க வழி தெரியாத அவர், மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார்; வகுப்பு அமைதியாகிறது. அவர் பல நாட்கள் கதையே சொல்கிறார். பாடம் எப்போது தொடங்கும் என்று மற்றவர்கள் கேட்கும்போது, இதுவே பாடம் என்பது அவர் கருத்தாக இருக்கிறது. கதையில் ஒழுங்கு கற்றான், சொல் கற்றான், பொறுமையாகக் கேட்கக் கற்றான் என்றால், பிள்ளை பாதிக் கல்வியைப் பெற்றுவிட்டான் அல்லவா?

அடுத்து, கதையின் ஒழுங்கைக் கற்பித்தல். இதற்குத் திருப்பதிப் பிள்ளை தொலைவு போக வேண்டியதில்லை. காளத்தியின் பெயரிலேயே ஒரு கதை உண்டு. ஸ்ரீ என்பது சிலந்தி, காளம் என்பது பாம்பு, அத்தி என்பது யானை. சிலந்தி இறைவனுக்கு நூலால் பந்தலிட்டது. பாம்பு மணிகளைக் கொண்டுவந்து வைத்தது. யானையோ அம்மணிகளைத் தள்ளிவிட்டு நீராட்டி, இலையும் பூவும் சாத்தியது. பாம்புக்குச் சினம் மூண்டது. இக்கதையைச் சொல்லிவிட்டு, பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். யார் எதை விரும்பினார்கள்? குறுக்கே வந்தது எது? முடிவில் மாறியது என்ன? இம்மூன்றுக்கும் விடை இருந்தால் அது கதை; இல்லையேல் வெறும் செய்தி. 'காளத்திக்குச் சென்றோம், கும்பிட்டோம்' என்பது செய்தி. செருப்பு விழுந்ததும், அதை எடுக்க முடியாமற் போனதும், வாசலில் தம்பி விடை சொன்னதும் கதை. இந்த வேறுபாட்டைப் பிள்ளை ஒருமுறை கண்டுகொண்டால் பின்னர் மறப்பதில்லை.

கதையைப் பத்திகளாகப் பிரிப்பது எப்படி என்பது மாணவர்களுக்குப் பெரும் சிக்கல். பத்து வரிக்கு ஒரு பத்தி என்று சிலர் அளந்து பிரிக்கிறார்கள். பத்தியே இல்லாமல் பக்கம் முழுவதும் ஓட்டுவோரும் உண்டு. இதற்கும் திருப்பதியிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் கங்கம்மா ஜாத்திரையைப் பிள்ளைகள் அனைவரும் பார்த்திருப்பர். பெண்களுக்குத் தீங்கு செய்த பாளையக்காரன் ஒருவன் கங்கம்மாவுக்கு அஞ்சி ஒளிந்துகொள்ள, அவள் பல வேடங்களில் அவனைத் தேடி அலைந்து, முடிவில் துரை வேடம் பூண்டு வந்து அவனை அழித்தாள் என்பது கதை. அதனால் ஜாத்திரையில் பைராகி, பண்டன், தோட்டி, துரை, மாதங்கி என்று நாளுக்கொரு வேடம் ஊரில் உலவுகிறது. வேடம் மாறினால் கதை ஒரு படி முன்னே சென்றது என்று பொருள். 'ஒரு வேடத்துக்கு ஒரு பத்தி' என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்கிறார்கள். இடம் மாறினாலோ, பொழுது மாறினாலோ, ஒருவர் எண்ணம் மாறினாலோ புதிய பத்தி தொடங்கும். செருப்புக் கதையில் ரேணிகுண்டா ஒரு பத்தி, காளத்தித் தெரு ஒரு பத்தி, கோயில் வாசல் ஒரு பத்தி. மூன்று பத்தியில் கதை முடிந்துவிடும்.

இனி, கதைக்கு உயிர் தருவது எது என்று பார்ப்போம். கண்ணப்பர் வரலாற்றைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் தமிழில் பாடினார். கிருஷ்ணதேவராயர் காலத்துப் புலவராகிய தூர்ஜடி அவ்வரலாற்றைத் தம் காளத்தி மான்மியத்தில் தெலுங்கில் பாடினார். ஆகவே இங்குள்ள பிள்ளை வீட்டில் திண்ணன் என்றும், பள்ளியில் தின்னடு என்றும் ஒருவனையே அறிகிறான். வேடன் தன் கண்ணைத் தோண்டி அப்பினான் என்று சொன்னால் கேட்பவர் வியப்பர். ஆனால், மற்றைக் கண்ணையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று, இறைவனின் கண் இருக்கும் இடத்தில் தன் காலை ஊன்றிக்கொண்டான் என்று சொல்லும்போதுதான் கேட்பவர் உள்ளம் உருகுகிறது. அந்தக் காலை யாரும் வெறுமனே கற்பனை செய்துவிட முடியாது. அந்த இடத்தில் நின்று, அந்த வேலையை மனத்தால் செய்து பார்த்தவருக்கே அது தோன்றும்.

நுட்பமான இச்செய்தியைக் காண்பதற்குக் குழந்தைகளுக்குக் கண் உண்டு. ருசிய எழுத்தாளர் தால்ஸ்தாய் 1859-இல் யாஸ்நயா பொல்யானாவில் குடியானவப் பிள்ளைகளுக்காகப் பள்ளி ஒன்றைத் திறந்தார். வழக்கமான வருணனைத் தலைப்புகளைக் கொடுத்தபோது பிள்ளைகள் திகைத்தனர். ஒருநாள் ஒரு பழமொழியை எடுத்துக்கொண்டு, தாமே கதை எழுத உட்கார்ந்தார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, இப்படி எழுது, அப்படி எழுது என்று சொல்லத் தொடங்கினர். கதையில் வரும் ஆடவன் ஒருவன் பெண்ணின் மேலங்கியை அணிந்துகொண்டு வந்தான் என்று ஒரு சிறுவன் சேர்த்தான். அவசரத்தில் கைக்குக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு வந்த வீட்டு நிலையை அந்த ஒரு சொல் காட்டிவிட்டது. அதனைத் தால்ஸ்தாய் பெரிதும் வியந்து, 1862-இல் ஒரு கட்டுரை எழுதினார். எழுதக் கற்பிப்பவர் யார், கற்பவர் யார் என்பதே அதில் அவர் எழுப்பிய வினா. நம் சிறுமியின் தம்பியும், 'அது ரேணிகுண்டாவில் இருக்கிறது' என்று சொன்னபோது அத்தகைய செல்வத்தையே தந்தான். ஆசிரியர் செய்ய வேண்டியது, அதனை ஏட்டில் ஏற்றும்படி துணிவு தருவதே.

மற்றொரு பயிற்சியும் உண்டு. அதே கதையை வேறொருவர் வாயிலாகச் சொல்லச் செய்வது. கண்ணப்பர் வரலாற்றில் சிவகோசரியார் என்னும் அருச்சகர் வருகிறார். தினமும் காலையில் சந்நிதியில் இறைச்சி கிடப்பதைக் கண்டு மனம் நொந்தவர் அவர். ஆறாம் நாள் மறைந்து நின்று, நடந்தவை அனைத்தையும் பார்த்தவரும் அவரே. 'நீ சிவகோசரியார், நீ கண்டதை மட்டும் சொல்' என்றால், பிள்ளை தான் அறிந்த முடிவை மறைத்து வைத்து, ஒவ்வொன்றாக வெளியிடக் கற்றுக்கொள்கிறான். வெறுப்பு வியப்பாக மாறுவதையும் அவனே உணர்கிறான். பிறர் கண்ணால் உலகைப் பார்க்கும் இப்பழக்கம் எழுத்துக்கு மட்டுமன்றி, இரு மொழியினர் சேர்ந்து வாழும் ஊரில் வாழ்க்கைக்கும் வேண்டிய ஒன்றாகும்.

இப்பொழுது மொழிக்கு வருவோம். 'வாயால் சொன்னான், சரி. அதனை எழுதினால் கொச்சையாக இருக்கிறதே. தெலுங்குச் சொல்லும் கலந்துவிடுகிறதே' என்று பெற்றோர் கேட்பது நியாயமே. முதல் ஏட்டில் அவை இருக்கட்டும். பாட்டி என்பதற்கு அவ்வ என்று எழுதினால், அதனை அடித்துவிடாமல், பக்கத்தில் பாட்டி என்று எழுதச் சொல்லலாம். இரண்டாம் முறை எழுதும்போது வினைச்சொற்களை எழுத்து வழக்குக்கு மாற்றட்டும். வந்துச்சு என்பது வந்தது ஆகட்டும். போயிட்டாங்க என்பது போய்விட்டார்கள் ஆகட்டும். ஆனால் பாத்திரங்கள் பேசும் பேச்சைப் பேச்சாகவே விடுங்கள். செருப்பை வாங்கி வைக்கும் பெரியவர் தெலுங்கில்தான் கேட்டார். அதையும் தமிழ் எழுத்தில் எழுதட்டும். சித்தூர் வட்டாரத்துப் பேச்சுத் தெலுங்கை வைத்தே நாமினி சுப்பிரமணியம் நாயுடு தம் கதைகளை எழுதிப் புகழ் பெற்றார். அதே மாவட்டத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய மதுராந்தகம் ராஜாராம், தம் சிறுகதைகளுக்காக 1993-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். இந்த மண்ணின் பேச்சு இலக்கியத்துக்குத் தகுதியற்றது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவான ஒரு நன்மையும் உண்டு; அது வினையெச்சம். 'இறங்கி, ஓடி, குனிந்து, தேடினார்' என்று செயல்களைக் கோத்துச் செல்லும் முறை இரு மொழிக்கும் இயல்பு. தெலுங்கு வழியில் படித்த பிள்ளை இதனை எளிதாகப் பிடித்துக்கொள்கிறான். இக்கோவையைக் கொண்டே கதையின் வேகத்தைக் கற்பிக்கலாம். ஓட்டமாகச் செல்லும் இடத்தில் எச்சங்களைத் தொடுக்க வேண்டும். திருப்பம் வரும் இடத்தில் முற்றுவினையிட்டு நிறுத்த வேண்டும். 'அப்பா எழுந்து, கூட்டத்தை விலக்கி, வாசலுக்கு வந்தார். வண்டி நகர்ந்துவிட்டது.' இரண்டாம் வாக்கியம் சிறியதாக இருப்பதால்தான் அது நெஞ்சில் தைக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் 'அப்புறம், அப்புறம்' என்று தொடங்கும் பழக்கமும் இப்பயிற்சியால் தானே மறையும்.

இவற்றையெல்லாம் செய்ய நீண்ட நேரம் வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும். முதல் கால் மணி பெரியவர் ஒருவர் கதை சொல்லட்டும். அடுத்த கால் மணி பிள்ளைகள் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் ஊம் கொட்டட்டும். கேட்டவன் தனக்குப் புரியாத இடத்தில் கேள்வி கேட்கட்டும். பின் அரை மணி எழுதட்டும். அடுத்த வாரம் எழுதியதை உரக்கப் படிக்கும்போது, எங்கே கேட்பவர் முகம் மலர்ந்தது, எங்கே வாடியது என்று எழுதியவனே கண்டுகொள்வான். திருத்தும்போது ஒரு வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஒற்றுப்பிழை என்றால், ரகர றகரங்களை அடுத்த வாரத்துக்கு விடுங்கள். பக்கம் முழுவதும் சிவந்துபோன ஏட்டை எந்தப் பிள்ளையும் மறுமுறை விரும்பித் திறப்பதில்லை.

கடைசியாக, நம் போன்றோர்க்கே உரிய ஒரு தலைப்பைச் சொல்லி முடிக்கிறேன். தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து குடியேறிய மக்களின் வரலாற்றைக் கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' என்ற நாவலாகத் தமிழில் எழுதினார். அதன் தொடர்ச்சியாகிய 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வந்த வழியின் துன்பங்களையெல்லாம் அந்த நாவலில் ஒரு மூதாட்டி நினைவு கூர்ந்து சொல்கிறாள். வீட்டில் தெலுங்கு பேசிய ஒருவர், தம் முன்னோர் குடிபெயர்ந்த கதையைத் தமிழுக்குத் தந்தார். அவ்வாறே வேலூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ புறப்பட்டு, திருப்பதிக்கோ மும்பைக்கோ வந்து சேர்ந்த குடும்பம் ஒவ்வொன்றிலும் ஒரு கதை உண்டு. யார் முதலில் வந்தார்? எந்த ஆண்டு? கையில் என்ன கொண்டுவந்தார்? முதல் இரவு எங்கே படுத்தார்? புரியாத மொழியில் முதன்முதலில் எதைக் கேட்டு வாங்கினார்? இவற்றைப் பிள்ளைகள் தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேட்கட்டும். கேட்டதைத் தமிழில் நான்கு பத்தி எழுதட்டும்.

அந்தக் கதையைச் சொல்லத் தெரிந்த முதியோர் பல வீடுகளில் ஒருவரோ இருவரோதான் எஞ்சியிருக்கிறார்கள். அதனை எழுதத் தெரிந்த பிள்ளையை ஆயத்தம் செய்வது நம் கையில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஓர் ஏட்டை வாங்கிக் கொடுங்கள். பிள்ளை சொல்லத் தொடங்கியதும், அருகே அமர்ந்து ஊம் கொட்டுங்கள்.